காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது... காரணம் எது?

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனவர்கள் அந்த மணல் பாக்கெட்டைப் பார்த்திருப்பார்கள். சங்கு, சோழி, பாசிமணி மாலைகளோடு கடற்கரைக் கடைகளில் அதுவும் தொங்கும். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சின்னச் சின்னப் பைகளில் பலவண்ண மணல்.

இந்த மணல் எப்படி வந்தது என்று கேட்டால், ஊரில் ஓர் அழகான கதை சொல்வார்கள். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரி அம்மனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. விடிவதற்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கும் வழியில் நாரதர் சேவல்போலக் கூவினார். விடிந்துவிட்டது என்று நினைத்து மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் வீணாகிக் கடற்கரையில் மணலாகக் கிடக்கின்றன. அம்மன் கன்னியாகவே நின்றாள்.

புவியியல் சொல்லும் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் பல லட்சம் ஆண்டுகளாகச் சிதைந்து வருகின்றன. அந்தத் துகள்களை ஆறுகள் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அம்மா முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து அரிசி தங்குமே, அதுபோல அலைகள் லேசான மணலை அள்ளிப்போய்விட, கனமான மணல் கரையில் தங்கிவிடுகிறது. கறுப்பாக இருப்பது இல்மனைட். சிவப்பாக இருப்பது கார்னெட். மஞ்சள் கலந்த பழுப்பில் இருப்பது மோனசைட்.

இந்த இரண்டு கதைகளும் ஒரே வீட்டில் நிம்மதியாக இருக்க முடியும். பாட்டி ஒன்றைச் சொல்வார், பேத்தி பள்ளிக்கூடத்தில் இன்னொன்றைப் படிப்பாள். சண்டை வராது. ஆனால், இதே மணல் பற்றி மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டால் ஊர் இரண்டாகிவிடும்.

மணலுக்குள் ஒரு கேள்வி

மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிர்வீச்சு உள்ள தனிமம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. அந்தக் காலத்தில் தோரியத்துக்குப் பெரிய கிராக்கி. கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் பளீரென்று வெளிச்சம் தந்தது தோரியத்தால்தான். இன்று மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இந்த மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது.

தோண்டினாலும் தோண்டாவிட்டாலும், இந்தக் கடற்கரையின் சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் அந்தக் கேள்வி வருகிறது. இந்த மணலில் பிறந்து, விளையாடி, வலை காயப்போட்டு வாழும் மக்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறதா?

ஒரு தரப்பு சொல்கிறது: "எங்க தெருவுல மட்டும் நாலு பேருக்கு வந்திருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

இன்னொரு தரப்பு சொல்கிறது: "எங்க தாத்தா இந்த மணல்லதான் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு. அவருக்கு ஒண்ணும் வரலையே?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால், இந்த இரண்டு பதில்களிலும் ஒரே குறை இருக்கிறது. 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' என்று நம் முன்னோர் இதற்குப் பெயர் வைத்தே இருக்கிறார்கள். பனை நிறைந்த மண்ணில் பிறந்த பழமொழி அது. காக்கை உட்கார்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. காக்கைதான் பழத்தை விழவைத்ததா என்பதை அந்த ஒரு காட்சியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நாலு கட்டம் போட்டால்தான் கணக்கு

பின்னே எப்படிச் சொல்வது? தரையில் நாலு கட்டம் போட்டுக்கொள்ளலாம்.

முதல் கட்டம், காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது. இரண்டாவது, காக்கை உட்கார்ந்தது, பழம் விழவில்லை. மூன்றாவது, காக்கை உட்காரவில்லை, ஆனாலும் பழம் விழுந்தது. நான்காவது, காக்கையும் உட்காரவில்லை, பழமும் விழவில்லை. நாலு கட்டமும் நிரம்பிய பிறகுதான் காக்கைக்கும் பழத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்ல முடியும்.

நம் மனசுக்கு முதல் கட்டம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதில்தான் கதை இருக்கிறது. மற்ற மூன்றிலும் கதை இல்லை. பழம் விழாத மரத்தைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

'எங்க தெருவுல நாலு பேர்' என்ற செய்தியை இந்தக் கட்டங்களில் வைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரக்கூடும் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துப் போட்ட மதிப்பீடு. அப்படியானால், நூறு பேர் வாழும் எந்தத் தெருவிலும், மணல் கறுப்போ வெள்ளையோ, அவர்கள் வாழ்ந்து முடிப்பதற்குள் பதினோரு பேருக்கு வரலாம். தஞ்சாவூரில் ஒரு தெருவை எடுத்தாலும் கோயம்புத்தூரில் ஒரு தெருவை எடுத்தாலும் நாலு பேர் இருப்பார்கள். அங்கே கறுப்பு மணல் இல்லாததால், யாரும் அந்த நாலு பேரையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனால் அந்தத் தெருவின் பயம் பொய்யாகிவிடாது. நாலு என்பது வழக்கமான எண்ணிக்கையாகவும் இருக்கலாம், அளவுக்கு மீறியதாகவும் இருக்கலாம். எது என்று தெரிய, மணல் இல்லாத ஒரு தெருவையும் அதே வயது, அதே பழக்கங்களோடு எண்ண வேண்டும். தாத்தாவின் தொண்ணூறு வயதுக்கும் இதே விதிதான். புகைபிடித்துக்கொண்டே தொண்ணூறைத் தாண்டியவர்களும் உண்டு. அதற்காகப் பீடி நல்லது என்று யாரும் சொல்வதில்லை.

கருநாகப்பள்ளி சொன்னது என்ன?

இந்த எண்ணும் வேலையைப் பக்கத்து மாநிலத்தில் செய்திருக்கிறார்கள். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே மோனசைட் மணல்தான். உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைக்கும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். கருநாகப்பள்ளிக் கடற்கரையின் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை பதிவாகியிருக்கிறது. இரண்டு அலகுகளும் வேறு வேறு. என்றாலும் ஒரு தோராய ஒப்பீட்டுக்கு இது போதும்.

திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையம் 1990-களில் அங்கே வீடு வீடாகப் போனது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்தார்கள். யார் புகைபிடிக்கிறார்கள், யார் வெற்றிலை-புகையிலை போடுகிறார்கள், என்ன தொழில், எவ்வளவு படிப்பு என்று எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அவர்களில் 30 முதல் 84 வயது வரை உள்ள 69,958 பேரைச் சராசரியாக பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. அந்தக் காலத்தில் அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது.

1,379 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆய்வாளர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள். அதிகக் கதிர்வீச்சில் வாழ்ந்தவர்களுக்கு, குறைந்த கதிர்வீச்சில் வாழ்ந்தவர்களைவிட அதிகமாக வந்ததா? கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதற்கு அடையாளம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. 'கூடியதாகத் தெரியவில்லை' என்பது ஒரு வாக்கியம். 'ஆபத்தே இல்லை' என்பது வேறு வாக்கியம். சின்ன அளவில் ஓர் ஆபத்து இருந்தால், அது இந்த ஆய்வின் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். கருநாகப்பள்ளியில் எண்ணியதை மணவாளக்குறிச்சிக்கோ மிடாலத்துக்கோ அப்படியே பொருத்திவிடவும் முடியாது. அங்கங்கே எண்ணினால்தான் அந்த ஊருக்கு விடை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கடற்கரை ஊர்களில் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. அங்கே ஒன்றல்ல, பல கேள்விகள் இருக்கின்றன. மணலை எடுத்தால் கடல் ஊருக்குள் வருமா? கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்? கரைமடி இழுப்பவர்கள் எங்கே போவார்கள்? நோய் வருமா? நான்கும் நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவீடு வேண்டும். நோய்க் கேள்விக்கு 'தெரியவில்லை' என்று விடை வந்தால், கடலரிப்புக் கேள்வி தானாகத் தீர்ந்துவிடாது. கடலரிப்பு உண்மை என்று தெரிந்தாலும், நோயும் உண்மை என்று ஆகிவிடாது. மேடையில் பேசும்போது எல்லாம் ஒரே மூட்டையாகிவிடுகிறது. மூட்டையாகக் கட்டினால் சுமப்பது சுலபம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

வயலிலும் கடலிலும் நாம் விஞ்ஞானிகள்தான்

அப்படியானால் படிப்பறிவு குறைந்ததால்தான் இந்தக் குழப்பமா? நாஞ்சில் நாட்டு வயலுக்குப் போய்ப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இங்கே நெல்லுக்கு இரண்டு பருவங்கள். புதிதாக ஒரு விதை வந்தால், அனுபவமுள்ள விவசாயி எல்லா வயலிலும் அதை விதைத்துவிட மாட்டார். ஒரு துண்டு வயலில் மட்டும் புதிய விதை. பக்கத்திலேயே பழைய விதை. அதே தண்ணீர், அதே உரம், அதே வெயில். அறுவடையில் இரண்டையும் அளந்து பார்ப்பார். ஆய்வுக்கூடத்தில் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று சொல்வது இதைத்தான். அவர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

கடலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். காற்றின் திசை, நீரோட்டம், தண்ணீரின் நிறம் பார்த்து மீன் இருக்கும் இடத்தைக் கணிக்கிறார்கள். கணிப்பு தவறினால் அன்று சாயங்காலமே வெறும் வலை சொல்லிவிடும். நாளைக்குக் கணிப்பைத் திருத்திக்கொள்வார்கள்.

இங்கே யோசனை தெளிவாக ஓடுவதற்குக் காரணம், விடை சீக்கிரம் வந்துவிடுகிறது. கடலில் ஒரு நாள். வயலில் நாலைந்து மாதம். தப்பான நம்பிக்கை நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது.

புற்றுநோய்க்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். காரணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரே நோய்க்குப் புகையிலை, வயது, பரம்பரை, சாப்பாடு என்று பல காரணங்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் விழுந்துவிட்டால், வயலில் கில்லாடியான அதே மனிதர் தடுமாறுகிறார். படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பெரிய டாக்டர்களே தடுமாறிய கதை இதே மாவட்டத்தில் இருக்கிறது.

நெய்யூர் டாக்டரும் மரச்சீனிக் கிழங்கும்

1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற இளம் சர்ஜன் இருந்தார். ஆக்சிஜன் இல்லாமல் 8,000 மீட்டருக்கு மேல் ஏறியவர்களில் ஒருவர். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூருக்கு வந்தார். 1838-ல் தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவமனை அங்கே இருந்தது. வாசலில் பெருங்கூட்டம், உள்ளே ஆபரேஷன் செய்ய ஒரே ஒரு டாக்டர். அதைப் பார்த்தவர் லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டு வேலை செய்தார்.

அவரிடம் வந்தவர்களில் பலருக்குச் சிறுகுடலின் முகப்பில் புண், அதாவது டியோடினல் அல்சர். தென் திருவிதாங்கூரில் அது அவ்வளவு பரவலாக இருந்தது. பசித்தால் வலி, நடுராத்திரியில் வலி, சாப்பிட்டால் கொஞ்சம் ஆறுதல், பிறகு மறுபடி வலி. சோமர்வெல் ஏராளமான ஆபரேஷன்கள் செய்தார். அனுபவத்தை ஆய்வுக்கட்டுரைகளாகவும் எழுதினார்.

இங்கே மட்டும் ஏன் இத்தனை அல்சர்? சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. ஏழை வீடுகளில் மரச்சீனிக் கிழங்குதான் வயிறு நிரப்பியது. கூடவே மிளகாய் அரைத்த மீன்கறி. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வு செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்கரிசன், எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். இன்னொரு கூட்டம் எலிகளுக்கு கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவு. கிழங்கு தின்ற எலிகளில் சிலவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. மற்றவற்றுக்கு வரவில்லை.

பார்த்தால் ஒழுங்கான சோதனைதான். ஒப்பிடுவதற்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது. பொருந்துகிற விளக்கமும் இருக்கிறது. 'மிளகாயைக் குறை, வேளாவேளைக்குச் சாப்பிடு, கவலைப்படாதே' என்ற அறிவுரை உலகம் முழுக்கவே நிலைபெற்றது. வயிற்று அமிலம் அதிகமானால் புண் வரும். அமிலத்தைக் குறைத்தால் ஆறும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதால், வேறு காரணம் இருக்குமோ என்று தேட யாருக்கும் தோன்றவில்லை.

வலியின் குணமும் இதற்குத் துணைபோனது. அல்சர் வலி சில வாரங்கள் வாட்டும், பிறகு தானாக அடங்கும். மனிதர்கள் மருந்து தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அந்த நேரத்தில் கஷாயம் குடித்திருந்தால் கஷாயத்துக்குப் பேர். மிளகாயை நிறுத்தியிருந்தால் அதற்குப் பேர். நேர்ச்சை வைத்திருந்தால் சாமிக்குப் பேர். காக்கை சரியாகப் பழம் விழும் நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கிருமியைக் குடித்த டாக்டர்

1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர், நோயாளிகளின் வயிற்றுத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்த வடிவில் பாக்டீரியாக்கள் தெரிந்தன. 'அமிலம் கொதிக்கும் வயிற்றில் கிருமி எப்படி வாழும்?' என்று மற்றவர்கள் நம்பவில்லை. பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறை காரணமாகச் சோதனைத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் கிடந்தபோதுதான் அது வளர்ந்தது. இன்று அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி.

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் தானே அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது. சோதித்ததில் இரைப்பையில் அழற்சி.

பத்திரிகைகளுக்கு இது பிரமாதமான கதை. ஆனால், ஒருவர் குடித்தார், ஒருவருக்கு வந்தது என்பதும் முதல் கட்டம் மட்டும்தானே? அவருக்கு வந்தது அழற்சி, அல்சர் அல்ல. உலகை மாற்றியது அதற்குப் பிறகு வந்த சலிப்பூட்டும் வேலை. அல்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிருமியை ஒழித்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அமிலத்தை மட்டும் குறைத்தார்கள். இரண்டாம் பிரிவில் பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. கிருமி ஒழிந்தவர்களுக்கு அரிதாகவே திரும்பியது. பல நாடுகளில் பலர் செய்தும் இதே விடை. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

அதோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. இந்தக் கிருமி உள்ள பெரும்பாலானோருக்கு அல்சர் வருவதே இல்லை. வட இந்தியாவிலும் கிருமி பரவலாக உண்டு. ஆனால், பழைய ஆய்வுகள் தெற்கில்தான் டியோடினல் அல்சர் அதிகம் என்றன. அப்படியானால் சாப்பாட்டுக்கும் ஏதோ பங்கு இருக்குமோ? அந்தக் கேள்வி இன்னும் முழுதாக மூடப்படவில்லை. குன்னூர் எலிகள் சொன்னது பொய்யும் இல்லை, முழுக் கதையும் இல்லை.

'முதலில் ஒன்று சொன்னார்கள், இப்போது வேறு சொல்கிறார்கள், இவர்களை எப்படி நம்புவது?' என்று நாம் கோபப்படுவதுண்டு. சோமர்வெல்லிடம் ஆபரேஷன் செய்துகொள்ள வந்தவர்களின் பேரன்களுக்கு அதே நோய்க்குப் பெரும்பாலும் இரண்டு வார மாத்திரையே போதும். பழைய பதிலை மாற்றத் தயாராக இருந்ததால் கிடைத்த பலன் அது.

மனசை மாற்ற ஆகும் செலவு

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் நம் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 51ஏ பிரிவில் அது இருக்கிறது. சட்டத்தில் எழுதுவது ஒரு நாள் வேலை. பழக்கத்துக்கு வருவது அப்படியல்ல.

காரணம், இது மூளை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. ஊரோடு சம்பந்தப்பட்டது. கடற்கரை ஊரில் ஒருவர், 'கருநாகப்பள்ளி ஆய்வில் அப்படி ஒன்றும் தெரியவில்லையாம்' என்று சொன்னால், 'கம்பெனிக்காரன் ஆளு' என்று பேர் வாங்குவார். அதிகாரி ஒருவர், 'இந்த ஊருக்கு இன்னும் முழு விவரம் இல்லை' என்று ஒப்புக்கொண்டால், அவருடைய அலுவலகத்தில் அவருக்குத் திட்டு விழும். அதனால் முன்னவர் வாயை மூடிக்கொள்கிறார். பின்னவர், 'ஒரு ஆபத்தும் இல்லை' என்று அடித்துச் சொல்லிவிடுகிறார். அடித்துச் சொன்னதாலேயே மக்கள் அவரை நம்புவதில்லை. 'தெரியவில்லை' என்ற நேர்மையான சொல்லுக்கு இரண்டு பக்கமும் மரியாதை இல்லாமல் போகிறது.

பந்தத்தின் கனமும் இருக்கிறது. அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மகளிடம் சதவிகிதக் கணக்கைப் போய்ச் சொல்ல முடியாது. அவளுக்கு அம்மா ஒரு எண் இல்லை. 'ஏன் எங்க அம்மாவுக்கு?' என்ற கேள்விக்குப் புள்ளிவிவரத்தில் விடை கிடையாது. 'ஏன் இந்த ஊருக்கு?' என்ற கேள்விக்குத்தான் விடை தேட முடியும். அதைத் தேடித் தரும்படி கேட்பது அவளுடைய உரிமை. ஊர்க்கூட்டத்தில் 'எங்களுக்கு நோய் வருகிறது' என்று சொல்வதோடு நிற்காமல், 'எங்கள் ஊரையும் பக்கத்து ஊரையும் ஒரே மாதிரி எண்ணுங்கள், முடிவை எங்கள் கையில் கொடுங்கள்' என்று கேட்டால், அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது யாருக்கும் சுலபமில்லை.

வீட்டில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இதற்கு டிகிரி தேவையில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'இந்த இலையைத் தின்றால் சுகர் ஓடிவிடும்' என்று சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினால், மூன்று கேள்விகள் போதும்.

*ஒன்று, யாரோடு ஒப்பிட்டு?* இலையைத் தின்று குணமானவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். தின்றும் குணமாகாதவர்கள் எத்தனை பேர்? தின்னாமலே சரியானவர்கள் எத்தனை பேர்?

*இரண்டு, கூடவே வேறு என்ன நடந்தது?* இலையோடு டாக்டர் கொடுத்த மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்ததா? நடைப்பயிற்சியும் அதே மாதம்தான் ஆரம்பித்ததா?

*மூன்று, எது நடந்தால் என் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொள்வேன்?* இந்தக் கேள்வியை நாம் அனுப்புகிறவரிடம் கேட்பதைவிட நம்மிடமே கேட்டுக்கொள்வது நல்லது. 'எது நடந்தாலும் மாற மாட்டேன்' என்று பதில் வந்தால், அது நம்பிக்கை. நம்பிக்கையாக வைத்துக்கொள்ளலாம், மருந்தாக அடுத்தவருக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

சித்தப்பாவிடம் குரூப்பில் எல்லோர் முன்பும் சண்டைபோட வேண்டியதில்லை. 'சித்தப்பா, உங்க சுகர் மாத்திரையை நிறுத்திராதீங்க, ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பார்த்துருவோமா?' என்று தனியாக ஒரு போன் போட்டுக் கேட்கலாம். வயலில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் புதிய விதையைப் போட்டுப் பார்ப்பவருக்கு அது சட்டென்று புரிந்துவிடும்.

வயிற்று எரிச்சல்... எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* 'கேஸ்தான்' என்று மாதக்கணக்கில் கடையில் ஆன்டாசிட் வாங்கிக் குடிக்க வேண்டாம். வலி அடங்கலாம், காரணம் உள்ளேயே இருக்கும்.
* கறுப்பு நிறத்தில் மலம், ரத்த வாந்தி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ சீக்கிரமே டாக்டரைப் பார்க்க வேண்டும்.
* ஹெலிகோபேக்டர் பைலோரி இருக்கிறதா என்று மூச்சு, மலம், எண்டோஸ்கோப்பி பரிசோதனைகளில் தெரியும். இருந்தால் ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்த மாத்திரைகள், பெரும்பாலும் 14 நாட்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும்.
* 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் சேர்த்தது. கிருமி உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. கண்டுபிடித்தால் சிகிச்சை எடுப்பது நல்லது.
* மூட்டுவலி, தலைவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுவதும் அல்சருக்கு முக்கியக் காரணம். அந்த மாத்திரையின் பெயரை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.
* மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம். அல்சருக்கு அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. உங்களுக்கு ஒத்துக்கொண்டால், மரச்சீனிக்கு மீன்கறி ஊற்றிச் சாப்பிடலாம்!